தடியடி, மாவுக்கட்டு, ரிமாண்ட்: போலீஸின் பலத்துக்குக் கணக்குக் கேட்பது யார்?

நாளிதழ்களின் டெல்டா மாவட்டப் பக்கங்களில் போலீஸ் பற்றி இரண்டு வகைச் செய்திகள் மாறி மாறி வரும். ஒன்று, கொள்முதல் நிலையத்தில் நெல் தேங்கியதால் சாலை மறியல், ‘லேசான தடியடி’, கைது, மாலையில் விடுதலை. இன்னொன்று, வழிப்பறி வழக்கில் தேடப்பட்டவர் தப்பியோடும்போது பாலத்திலிருந்து குதித்துக் கையை முறித்துக்கொண்ட கதை. கூடவே மாவுக்கட்டுடன் ஒரு படம். முதல் செய்தி கோபத்தைக் கிளப்புகிறது. இரண்டாவது கைதட்டல் வாங்குகிறது. சட்டம் இரண்டிலும் கேட்பது ஒன்றே: அந்த நேரத்தில் அவ்வளவு பலம் தேவைப்பட்டதா? தேவைப்பட்டது என்றால் அதற்கான பதிவு எங்கே?

2025 ஜூனில் சிவகங்கை மாவட்டம் திருப்புவனத்தில் (கும்பகோணத்துக்கு அருகே பட்டு நெய்யும் திருபுவனம் வேறு) கோயில் காவலாளி ஒருவர் போலீஸ் விசாரணையில் இறந்தார். அதன்பிறகு ‘போலீஸுக்கு எவ்வளவு அதிகாரம்’ என்ற விவாதம் மாநிலம் முழுவதும் சூடு பிடித்தது. அந்த விவாதத்தில் பாதி நேரம் இறந்தவர் நல்லவரா, திருடரா என்பதிலேயே கழிந்தது. சட்டத்தைப் பொறுத்தவரை அது தேவையில்லாத கேள்வி. தேவையான கேள்விகளை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

சட்டம் தரும் பலம் எவ்வளவு?

2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா நடைமுறையில் உள்ளது. பிரிவு எண்கள் மாறினவே தவிர, பலம் பற்றிய அடிப்படை பெரும்பாலும் பழையதுதான். (இனி சட்டத்தின் பெயர் சொல்லாத பிரிவு எண்கள் எல்லாம் இந்தச் சட்டத்தினுடையவை.) போலீஸ் பலத்தைப் பயன்படுத்தக்கூடிய சூழல்கள் மூன்று.

1. கைது (பிரிவு 43). கைதாகிறவர் எதிர்த்தாலோ தப்ப முயன்றாலோ தேவையான வழிகளைக் கையாளலாம். ஆனால் மரண தண்டனைக்கோ ஆயுள் தண்டனைக்கோ உரிய குற்றம் சாட்டப்படாதவரின் உயிரைப் போக்க இந்தப் பிரிவு உரிமை தரவில்லை. தப்பியோடாமல் தடுக்கத் தேவையானதற்கு மேல் கட்டிப்போடவும் கூடாது (பிரிவு 46).

2. கூட்டத்தைக் கலைப்பது (பிரிவு 148). ஐந்து பேரோ அதற்கு மேலோ கூடிப் பொது அமைதி கெடும் நிலை வந்தால் கலைந்துபோக ஆணையிடலாம். ஆணையிடக்கூடியவர் நிர்வாகத் துறை நடுவர் அல்லது காவல் நிலையப் பொறுப்பு அதிகாரி. அவர் இல்லாதபோது உதவி ஆய்வாளருக்குக் குறையாத அதிகாரி. ஆணைக்குப் பிறகும் கலையாவிட்டால்தான் பலம்.

3. தற்காப்பு. இது குடிமக்கள் எல்லோருக்கும் உள்ள அதே உரிமை. காக்கிச் சட்டைக்கென்று தனியாக எதுவும் கிடையாது.

இந்தப் பட்டியலில் ‘விசாரணை’ இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஒருவரை உட்கார வைத்துக் கேள்வி கேட்கும்போது அவர் மேல் கைவைக்க இந்தியாவில் எந்தச் சட்டமும் அனுமதிக்கவில்லை. லேசாகவும் அனுமதிக்கவில்லை. வாக்குமூலத்துக்காகவோ களவுபோன பொருளுக்காகவோ அடித்தால் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 120-ன்படி 7 ஆண்டு வரை, கொடுங்காயம் என்றால் 10 ஆண்டு வரை சிறை.

நெல் மூட்டையும் கல்யாண மண்டபமும்

டெல்டாவில் மக்கள் அதிகம் சந்திப்பது இரண்டாவது சூழலைத்தான். குறுவை அறுவடையின்போது மழை பிடித்துக்கொள்ளும். ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் நெல்லை எடுக்க மாட்டார்கள். சாலையோரம் குவித்த நெல் முளைவிட ஆரம்பிக்கும். பிறகு என்ன, மறியல்தான். தாசில்தாரும் டி.எஸ்.பி.யும் வந்து பேசுவார்கள். பெரும்பாலும் பேச்சிலேயே முடியும். முடியாதபோது எல்லோரையும் வண்டியில் ஏற்றி, பக்கத்தில் உள்ள ஒரு திருமண மண்டபத்தில் இறக்குவார்கள். வாசலில் மேசை போட்டு ஒரு தலைமைக் காவலர் பெயர், தகப்பனார் பெயர், ஊர், வயது என்று எழுதிக்கொள்வார். மதியம் புளிசாதப் பொட்டலம். ஆறு மணிக்கு விடுதலை.

இது இங்கே ஏறக்குறைய சடங்காகிவிட்டதால், மண்டபத்தில் இருப்பதும் போலீஸ் காவல்தான் என்பது மறந்துபோகிறது. முன்தடுப்புக் கைதுக்கான பிரிவு 170-ம் சரி, போலீஸின் உத்தரவுக்குக் கட்டுப்படாதவரை அப்புறப்படுத்தவும் பிடித்து வைக்கவும் அனுமதிக்கும் புதிய பிரிவு 172-ம் சரி, 24 மணி நேரம் என்ற வரம்புக்குள் அடங்கியவை. வண்டியில் ஏற்றும்போது ஒருவருக்கு மண்டை உடைந்தால், அவர் அன்று போலீஸ் வசம் இருந்தார் என்பதற்கு அந்த மேசையில் எழுதிய பட்டியலே முதல் சான்று. விவசாயச் சங்கத்துக்காரர்கள் அந்தப் பட்டியலைக் கைபேசியில் படமெடுத்து வைத்துக்கொள்வது நல்லது. எடுப்பவர்கள் குறைவு.

தடியடிக்கு வருவோம். ‘லேசான’ என்ற அடைமொழி சட்டத்தில் கிடையாது. 2016-ல் அனிதா தாக்கூர் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு வரம்பு வகுத்தது. கூட்டம் வன்முறையில் இறங்கினால் பலம் நியாயம்; நிலைமை கட்டுக்குள் வந்த பிறகும் அடித்தால் அது மீறல், அதற்கு இழப்பீடு உண்டு. கலவரம் செய்தவரும்கூட அந்த வரம்பைக் காட்டிக் கேட்கலாம். ஆகவே ஒரு தடியடிச் செய்தியைப் படிக்கும்போது மூன்று கேள்விகள் போதும்:

1. கலைந்துபோகச் சொன்ன அதிகாரி யார், மக்கள் காதில் விழும்படி சொன்னாரா, கலைய நேரமும் வழியும் இருந்ததா?
2. அடி முன்பக்கம் விழுந்ததா, ஓடுகிறவரின் முதுகில் விழுந்ததா?
3. காயம்பட்டவர்களை மருத்துவமனைக்குக் கொண்டுபோனது யார்?

2017 ஜூன் 30-ல் தஞ்சாவூர் மாவட்டம் கதிராமங்கலத்தில் நடந்ததை இந்தக் கேள்விகளோடு வைத்துப் பார்க்கலாம். ஓ.என்.ஜி.சி. எண்ணெய்க் குழாய் கசிந்து வயலில் பரவியது. மாவட்ட ஆட்சியர் நேரில் வரட்டும் என்று ஊர் திரண்டு நின்றது. கசிவு இருந்த இடத்தருகே வைக்கோலில் தீப்பிடித்தது, தடியடி நடந்தது. பேராசிரியர் த.செயராமன் உள்ளிட்ட பத்துப் பேர் கைதானார்கள். தீ வைத்தது போராட்டக்காரர்கள் என்றது போலீஸ். நாங்கள் வைக்கவில்லை என்றது ஊர். கைதானவர்கள் பிணையில் வெளிவர ஆகஸ்ட் ஆனது. எந்த நிமிடத்தில் கலைய ஆணை பிறந்தது, தீ முந்தியதா தடி முந்தியதா என்பதுதான் எல்லாவற்றுக்கும் அச்சாணி. அந்த நிமிடத்துக்கு இரு தரப்பும் ஒப்புக்கொள்ளும் பதிவு ஒன்று இருந்திருந்தால், பல ஆண்டு வழக்கும் வசையும் மிச்சமாகியிருக்கும். தடியடிக்குப் போகும் அணியில் முழுநேரமும் வீடியோ எடுக்க ஒரு காவலரை நிறுத்துவது பெரிய செலவல்ல. அந்தப் பதிவு வெட்டப்படாமல் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும் என்பதே கடினமான பகுதி.

துப்பாக்கி

கண்ணீர்ப்புகை, தடி எல்லாம் பலிக்காத இடத்தில் கடைசிப் படியாகத்தான் துப்பாக்கியை விதிகள் வைத்திருக்கின்றன. 2018 மே மாதம் தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் எதிர்ப்புப் போராட்டத்தில் 13 பேர் சுடப்பட்டு இறந்தார்கள். ஓய்வுபெற்ற நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையத்தின் அறிக்கை 2022 அக்டோபரில் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. அந்தச் சூட்டுக்கு நியாயம் இல்லை என்றது அது. காவல் துறையினர் 17 பேர் மீது நடவடிக்கைக்கும் பரிந்துரைத்தது. சுட உத்தரவிட்டவர்களாகக் காட்டப்பட்டவர்கள் துணை வட்டாட்சியர்கள். பட்டாவும் சான்றிதழும் கொடுக்கிற வருவாய் அலுவலர் நிர்வாகத் துறை நடுவராக ஒரே கையெழுத்தில் துப்பாக்கிக்கு அனுமதி தர முடியும் என்பது அப்போதுதான் பலருக்கும் தெரிந்தது.

விசாரணை ஆணையம் நீதிமன்றம் அல்ல. அதன் முடிவு பரிந்துரை மட்டுமே; யாரையும் தண்டிக்காது. ‘ஆணையம் போட்டாயிற்று’ என்ற அறிவிப்போடு திருப்தி அடைகிறவர்கள் இதை நினைவில் வைக்கலாம். என்கவுன்ட்டர் மரணங்களுக்கு 2014-ல் உச்ச நீதிமன்றம் 16 நெறிமுறைகள் வகுத்தது. எப்.ஐ.ஆர். பதிய வேண்டும், சம்பந்தப்பட்ட நிலையத்தைச் சேராத அணி விசாரிக்க வேண்டும், சம்பவம் நடந்த சூட்டோடு வீரப்பதக்கம் தரக்கூடாது என்பவை அவற்றில் சில.

‘பொருளை எடு’

விவாதத்தில் யாரும் அதிகம் தொடாத இடம் இது. போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் நீதிமன்றத்தில் செல்லாது. வெள்ளைக்காரன் காலத்து விதி இது. இப்போது புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியத்தின் பிரிவு 23-ல் இருக்கிறது. செல்லாத வாக்குமூலத்துக்காக எதற்கு அடிக்க வேண்டும்?

அதே பிரிவில் ஒரு விலக்கு உண்டு. காவலில் உள்ளவர் சொன்ன தகவலை வைத்து ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அந்தத் தகவல் மட்டும் செல்லும். நகையை எங்கே புதைத்தேன், கத்தியை எந்த வாய்க்காலில் எறிந்தேன் என்பது சாட்சியமாகிவிடும். வழக்கு நிற்பதும் அதில்தான், மேலதிகாரி கேட்பதும் அதைத்தான், நகையைப் பறிகொடுத்தவர் தினமும் நிலையத்துக்கு வந்து கேட்பதும் அதைத்தான். ‘ரெக்கவரி’ ஆயிற்றா? காவல் நிலையத்தின் வேலை அளக்கப்படும் அளவுகோல் இதுவாக இருக்கும்வரை அடிக்கான தூண்டுதல் விதிப்புத்தகத்துக்குள்ளேயே இருக்கிறது. திருப்புவனத்திலும் தொடக்கம் காணாமல்போன நகைதான்.

போலீஸ் தரப்பில் சொல்லப்படுவதிலும் உண்மை இருக்கிறது. வேளாங்கண்ணித் திருவிழா, நாகூர் கந்தூரி, திருவாரூர் தேர், அமைச்சர் வருகை என்று பந்தோபஸ்துக்கே பாதி நிலையம் காலியாகிவிடும். மிச்சம் இருப்பவர்கள் தலையில் விசாரணை விழும். கைரேகை, கைபேசிக் கோபுரத் தகவல், கண்காணிப்புக் கேமரா என்று நாள்கணக்கில் உட்கார்ந்து வழக்கைக் கட்ட ஆள் இல்லாதபோது தடி குறுக்குவழியாகிறது. இது ஏன் நடக்கிறது என்பதற்கான விளக்கம். நடந்ததை நியாயமாக்க இது போதாது.

மாவுக்கட்டுக்குக் கைதட்டுகிறவர்களுக்கும் ஒன்று. குற்றவாளிகள் மட்டும் எப்படிக் காவல் நிலையக் கழிப்பறையில் வழுக்கி விழுகிறார்கள், அதிகாரிகள் ஏன் விழுவதில்லை என்று சென்னை உயர் நீதிமன்றமே 2025-ல் கேட்டது. அடிபட்டவர் உண்மையான குற்றவாளியாகவே இருக்கட்டும். நல்ல வக்கீல் ஒருவர் கிடைத்தால் அந்த மாவுக்கட்டையே காட்டி, கண்டெடுத்த பொருள் மீதும் சந்தேகத்தைக் கிளப்பிவிடுவார்.

முதல் 24 மணி நேரம்

பிடிபட்டவரை 24 மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவர் முன் நிறுத்த வேண்டும். என் கணிப்பில் பொறுப்புக்கூறல் என்பதில் முக்கால்வாசி இந்த ஒரு நாளுக்குள் தீர்மானமாகிவிடுகிறது. பிற்பாடு வரும் உயர் நீதிமன்றமும் மனித உரிமை ஆணையமும் சி.பி.ஐ.யும் இந்த ஒரு நாளில் எழுதப்பட்ட காகிதங்களைத்தான் முதலில் புரட்டும்.

1. கைதுக் குறிப்பு. உச்ச நீதிமன்றத்தின் 1996 டி.கே.பாசு தீர்ப்பு கட்டாயமாக்கியது. இப்போது சட்டத்திலேயே இருக்கிறது. கைதான நேரம், தேதி, குடும்பத்தாரோ ஊர்ப் பெரியவரோ ஒருவரின் சாட்சிக் கையெழுத்து இருக்க வேண்டும். ‘சும்மா விசாரித்துவிட்டு அனுப்பிவிடுகிறோம்’ என்று அழைத்துப் போனால் இந்தக் காகிதமே பிறப்பதில்லை. விபரீதங்கள் பெரும்பாலும் அந்த இடைவெளியில்தான் நடக்கின்றன.

2. மருத்துவப் பரிசோதனை (பிரிவு 53). கைதானவுடன் அரசு மருத்துவர் பார்த்து, காயம் இருந்தால் ஏற்பட்டிருக்கக்கூடிய நேரத்தோடு எழுத வேண்டும். நகல் கைதானவருக்கு உரியது. நடைமுறையில் இரவு பதினோரு மணிக்குப் பணி மருத்துவரிடம் நீட்டப்படுவது ‘உடற்தகுதி’ச் சான்றுக்கான தாள். சுற்றி நான்கு காவலர்கள் நிற்கும்போது சட்டையைக் கழற்றச் சொல்லிப் பார்க்கும் மருத்துவர் துணிச்சல்காரர். வெளியே விடப்பட்டவர் தானாக மருத்துவமனைக்குப் போனால் விபத்துப் பதிவேட்டில் பதிவாகும். நம் ஊரில் அதற்கு ஏ.ஆர். காப்பி என்று பெயர். ‘தெரிந்த நபர்கள் நால்வர், காவல் நிலையத்தில், லத்தியால், நேற்றிரவு சுமார் 10 மணிக்கு’ என்று அதில் ஒரு வரி விழுந்துவிட்டால் வழக்கின் போக்கே மாறும். ‘கீழே விழுந்ததாக’ என்று விழுந்தாலும் மாறும்.

3. ரிமாண்ட், அதாவது காவலில் வைக்கும் உத்தரவு. நடுவர் கைதானவரை நேரில் பார்த்து, போலீஸ் அடித்தார்களா என்று கேட்டு, பதிலை எழுத வேண்டும். 2020-ல் தூத்துக்குடி மாவட்டம் சாத்தான்குளம் காவல் நிலையத்தில் அடிபட்டுப் பிறகு இறந்த தந்தைக்கும் மகனுக்கும் உடற்தகுதிச் சான்று இருந்தது, ரிமாண்ட் உத்தரவும் இருந்தது. இரண்டு சல்லடையிலும் சிக்காமல்தான் அந்தக் காயங்கள் சிறைவரை போயின.

4. கேமரா. 2020 டிசம்பரில் பரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், நிலையத்தின் எல்லாப் பகுதிகளிலும் ஒலியோடு பதியும் கேமரா வேண்டும், பதிவு 18 மாதம் இருக்க வேண்டும், குறைந்தது ஓராண்டாவது இருக்க வேண்டும் என்றது. சாத்தான்குளத்தில் சேமிக்க இடம் இருந்தும் பதிவு அன்றன்றே அழியும்படி அமைக்கப்பட்டிருந்ததை விசாரணைக்குப் போன நடுவர் கண்டுபிடித்தார். திருப்புவனத்தில் அடி விழுந்தது நிலையத்துக்கு வெளியே, கோயிலின் பின்புறத்தில். அதை உலகத்துக்குக் காட்டியது ஒரு தனிமனிதரின் கைபேசி.

ஒருவர் காவலில் இறந்துவிட்டால் நீதித்துறை நடுவர் விசாரணை கட்டாயம் (பிரிவு 196). கோட்டாட்சியர் விசாரணை அதற்கு ஈடாகாது. இறந்த 24 மணி நேரத்துக்குள் உடல் பிரேதப் பரிசோதனைக்குப் போக வேண்டும். தேசிய மனித உரிமை ஆணையத்துக்கும் அதே 24 மணி நேரத்துக்குள் தகவல் போக வேண்டும்.

‘நடவடிக்கை எடுக்கப்பட்டது’ என்றால்?

ஆயுதப்படைக்கு மாற்றம், காத்திருப்போர் பட்டியல், தற்காலிகப் பணிநீக்கம் இவை மூன்றும் தண்டனைகள் அல்ல. முதலிரண்டும் இடமாற்றத்தின் வேறு பெயர்கள். மூன்றாவதில் பிழைப்பூதியம் தொடரும். துறைரீதியான பெரிய தண்டனைக்கு 1955-ம் ஆண்டு ஒழுங்கு விதிகளின் 3(பி) பிரிவில் குற்றச்சாட்டுக் குறிப்பாணை தந்து விசாரணை நடத்த வேண்டும். செய்தியில் ‘3(பி)’ இல்லை என்றால் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை என்று படிக்கலாம். குற்ற வழக்கு அதற்கும் தனி. அதில், கடமையைச் செய்யும்போது நடந்தது, ஆகவே அரசின் முன் அனுமதி வேண்டும் (பிரிவு 218) என்ற வாதம் வரும். அடித்து விசாரிப்பது கடமையில் சேராது என்று நீதிமன்றங்கள் பலமுறை சொல்லிவிட்டன. ஆனாலும் வாதம் எழும், மேல்முறையீடு போகும், ஆண்டுகள் கரையும். அனுமதி கேட்டு 120 நாளில் பதில் வராவிட்டால் தந்ததாகவே கொள்ளப்படும் என்பது புதிய சட்டம் செய்த உருப்படியான மாற்றம்.

எங்கே முறையிடுவது?

1. மாவட்டக் காவல் கண்காணிப்பாளர்; அசைவில்லை என்றால் நீதித்துறை நடுவர். பாதிக்கப்பட்டவர் பட்டியலினத்தவராகவும் அடித்தவர் பட்டியலினத்தவர் அல்லாதவராகவும் இருந்தால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் சேரும். பண்ணையாள்களாக இருந்தவர்களின் பிள்ளைகள் நிறைந்த இந்த வட்டாரத்தில் அது அடிக்கடி பொருந்தும்.

2. மாநில மனித உரிமை ஆணையம். சம்பவம் நடந்து ஓராண்டுக்குள் போக வேண்டும். அதன் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தும் என்று 2021-ல் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு தீர்ப்பளித்தது.

3. காவல் துறைப் புகார் ஆணையம். 2006-ல் பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் கேட்டது ஓய்வுபெற்ற நீதிபதியின் தலைமை. தமிழ்நாடு 2013-ல் இயற்றிய சட்டம், மாநில அளவில் உள்துறைச் செயலரையும் மாவட்டத்தில் ஆட்சியரையும் தலைவராக்கி, காவல் துறை அதிகாரிகளையே உறுப்பினர்களாக்கியது. யார் மீது புகாரோ அவர்களின் மேலதிகாரியே பஞ்சாயத்தில் உட்காரும் இந்த ஏற்பாட்டை ஆணையம் என்று அழைப்பது அந்தச் சொல்லுக்குச் செய்யும் அநியாயம்.

4. உயர் நீதிமன்றம். டெல்டாக்காரர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தஞ்சாவூர், திருச்சி, புதுக்கோட்டை மாவட்டங்கள் மதுரை அமர்வின் கீழ் வருகின்றன. திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை, கடலூர் சென்னைக்கு. கும்பகோணத்துக்காரர் மதுரைக்குப் போவார். சற்றுத் தள்ளியிருக்கும் குடவாசல்காரர் சென்னைக்கு பஸ் ஏறுவார்.

நிரூபிக்கும் சுமை

1992-ல் சிதம்பரத்தை ஒட்டிய அண்ணாமலைநகர் காவல் நிலையத்தில் ஒருவர் இறந்தார். அவர் மனைவி அங்கேயே பாலியல் வன்முறைக்கு ஆளானார். அந்த வழக்கில் காவலர்கள் தண்டிக்கப்பட்டார்கள். ஆனால் அதற்குப் பின்னால் மாதர் அமைப்புகளும் கட்சிக்காரர்களும் வழக்கறிஞர்களும் வருடக்கணக்கில் நிற்க வேண்டியிருந்தது. தனியாக ஒரு கூலிக் குடும்பத்தால் ஆகிற காரியமா அது?

1985-லேயே சட்ட ஆணையம் தன் 113-வது அறிக்கையில் ஒரு வழி சொன்னது. காவலில் இருந்தவருக்குக் காயம் என்றால் அதைக் காவலில் வைத்த அதிகாரியே ஏற்படுத்தினார் என்று நீதிமன்றம் அனுமானிக்கலாம். இல்லை என்று காட்டுவது அவர் பொறுப்பு. 2017-ல் 273-வது அறிக்கை சித்திரவதைத் தடுப்புக்கு வரைவு மசோதாவே எழுதிக் கொடுத்தது. சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா 1997-ல் கையெழுத்திட்டதோடு சரி, இன்னும் உறுதிப்படுத்தவில்லை. 2023-ல் சாட்சியச் சட்டத்தைப் புதிதாக எழுதியபோதும் அந்த அனுமானம் உள்ளே வரவில்லை.

அதனால் பூட்டிய அறைக்குள் நடந்ததை இன்றும் வெளியே நின்றவர்கள்தான் நிரூபிக்க வேண்டியிருக்கிறது. உள்ளே இருந்த யாராவது வாயைத் திறந்தால்தான் கதை நகரும். சாத்தான்குளத்தில் அன்றிரவு பணியில் இருந்த பெண் தலைமைக் காவலர் ஒருவர், கண்டதை நடுவரிடம் வாக்குமூலமாகக் கொடுத்தார். காவல் துறையில் பணியாற்றும் அவருக்குப் பாதுகாப்புக் கொடுக்கும்படி உயர் நீதிமன்றம் தனியாக உத்தரவிட வேண்டியிருந்தது.